கழிப்பறை இருக்கை: உயரத்தை முழங்காலில் அளப்போம்

ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரை நெடுநாள் குடிப்பதால் முதுகும் மூட்டும் இறுகும் நோயான எலும்பு ஃப்ளோரோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க ஊர்களுக்கு வரும் மருத்துவக் குழு பெரிய கருவி எதையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்வார்கள். மோவாயால் மார்பைத் தொடச் சொல்வார்கள். இரண்டு கைகளையும் மடக்கிப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வார்கள். இவற்றில் ஒன்று முடியாமல் போனாலும் முதுகும் மூட்டும் இறுகத் தொடங்கிவிட்டனவோ என்ற ஐயம் எழும், மேற்கொண்டு பரிசோதிப்பார்கள். தருமபுரி மாவட்டத்துக்கு இந்தச் சோதனைகள் புதியவை அல்ல. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தப் பாறைப் பூமியில் அந்த எல்லையைத் தாண்டிய போர்வெல்கள் நிறைய. அதனால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்ற நோக்கத்தைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. குழாயில் வரும் தண்ணீர் மாறியது. ஆனால் அதற்கு முன் முப்பது, நாற்பது ஆண்டுகள் போர்வெல் தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது, தண்ணீர் மாறிய மறுநாள் கரைந்துபோகவில்லை.

தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மூட்டு இறுகியவர்கள் எல்லோருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வயது ஒரு காரணம். காலம் முழுதும் நாற்று நட்டும் களை பறித்தும் மூட்டை சுமந்தும் தேய்ந்த முழங்கால் இன்னொரு காரணம். தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேர். 2021இல் அது பதின்மூன்றைத் தாண்டியிருக்கும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொன்னது. காரணம் எதுவானாலும், மருத்துவக் குழு வராமலேயே நான்காவது சோதனை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் விடியற்காலையில் நடந்துவிடுகிறது: கழிப்பறையில் குத்தவைத்து உட்கார முடிகிறதா, உட்கார்ந்தால் எழ முடிகிறதா? முடியவில்லை என்றதும் பெரும்பாலான வீடுகள் ஒரே முடிவுக்கு வருகின்றன: ‘வெஸ்டர்ன் வைத்துவிடலாம், அதிலும் உயரமானதாகப் பார்த்து வைக்கலாம்.’ முடிவின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் யோசிக்க வேண்டும். சரியான உயரம் கடையின் விலைப்பட்டியலில் இல்லை. உட்காரப் போகிறவரின் முழங்காலில் இருக்கிறது. அதை அளக்காமல் வாங்கினால், குட்டையான கோப்பையால் பட்ட அவதி போய் உயரமான கோப்பையால் படும் அவதி வரும்.

உயரம் ஏன் உதவுகிறது

உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது உடலின் எடை முழுவதையும் தொடைத் தசைகள் முழங்காலை அச்சாக வைத்துத் தூக்குகின்றன. இருக்கை தாழத் தாழ முழங்கால் அதிகம் மடங்கும். மடங்க மடங்க மூட்டின்மீது விழும் பளு ஏறும். உட்கார்ந்து எழுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு பிசியோதெரபி இதழில் வந்த கட்டுரை, இருக்கையை உயர்த்தினால் முழங்காலின் மீதான திருப்புவிசை 60 சதவீதம் வரையும் இடுப்பின் மீதானது 50 சதவீதம் வரையும் குறையலாம் என்று காட்டியது. மருந்தில்லாமல், அறுவை இல்லாமல், வெறும் சிமெண்டாலும் பலகையாலும் இவ்வளவு பளு குறைகிறது என்றால் அதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது: கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்பின் மீதான விசை ஏறக்குறைய பாதியாகிறது. உயரம் செய்யும் வேலையில் பெரும்பங்கைக் கைப்பிடியும் செய்யும் என்பதே இதன் பொருள். கோப்பைக்குப் பணம் ஒதுக்குகிற வீடுகள் கைப்பிடியை மறந்துவிடுவது ஏன் பிழை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

‘உயரமான’ கோப்பையின் எண் எங்கிருந்து வந்தது

கடையில் ‘உயரம் கூடியது’ என்று காட்டப்படும் கோப்பைகள் பெரும்பாலும் இருக்கை மூடியோடு சேர்த்து 43 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருக்கும். இந்த எண்ணின் பிறப்பிடம் அமெரிக்கா. கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைப்பதற்கு அங்கே 1961இல் வெளியான முதல் தேசிய நெறிமுறை, கழிப்பறை இருக்கை 20 அங்குலம், அதாவது ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்றது. சக்கர நாற்காலியில் இருப்பவர் பக்கவாட்டில் நகர்ந்து மாறி உட்கார வேண்டும். இரண்டு இருக்கைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது எளிது. பின்னால் வந்த அமெரிக்க விதிகள் இதை 17 முதல் 19 அங்குலமாகக் குறைத்தன. நம் நாட்டில் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் நெறிமுறைகளும் 45 முதல் 48 சென்டிமீட்டர் என்கின்றன. பேருந்து நிலையத்திலோ தாலுகா அலுவலகத்திலோ யார் வந்து உட்காருவார் என்று முன்கூட்டித் தெரியாது; சக்கர நாற்காலியில் வருபவருக்கு இடம் விட்டே ஆக வேண்டும். அங்கே இந்த எண் நியாயமானது. வீட்டில் யார் உட்காரப் போகிறார் என்று நமக்குத் தெரியும். தெரிந்த ஆளுக்குத் தெரியாத ஆளின் அளவை வைத்துச் சட்டை தைக்க வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்குத் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் வரும். சாதாரண வெஸ்டர்ன் கோப்பையே மூடியோடு சேர்த்து 41, 42 சென்டிமீட்டரைத் தொடும். அதாவது நம் ஊர்ப் பாட்டிகள் பலருக்குச் சாதாரணக் கோப்பையே ‘உயரமான’ கோப்பைதான். அவர்களுக்கு 48 சென்டிமீட்டர் கோப்பையை வைத்தால் பாதம் தரையில் படியாது, விரல் நுனி மட்டும் தொடும். தொங்கும் காலால் தரையை உந்த முடியாது. எழ வேண்டுமானால் இருக்கையின் விளிம்புக்கு வழுக்கி வந்து, ஈரத் தரையில் குதிப்பதுபோல இறங்க வேண்டும். தொடையின் பின்புறம் விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப்போகும். முழங்காலைக் காப்பாற்ற வாங்கிய கோப்பை இடுப்பை உடைக்க வழி செய்துவிடும். மறுபக்கம், ஐந்தடி எட்டங்குல ஆணுக்கு அதே பின்மடிப்பு 43, 44 சென்டிமீட்டரில் இருக்கும். அவருக்குச் சாதாரணக் கோப்பை பள்ளம். உயரமான கோப்பை பொருத்தம். ஒரே கோப்பை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து.

அளக்கும் முறை

பயன்படுத்தப் போகிறவரைச் செருப்பில்லாமல் ஒரு கெட்டியான நாற்காலியில் உட்கார வையுங்கள். பாதம் முழுவதும் தரையில் படிந்து, முழங்கால் நேர்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோ இடுப்பு இறுக்கமோ இருந்தால் அதோடு 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் பாதம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். வந்த எண்ணை உடனே நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். நாற்காலியின் மேல் பலகைகளை அடுக்கி அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, அவரை மூன்று நான்கு முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஒரு பலகையை எடுத்தும், ஒன்றைச் சேர்த்தும் பாருங்கள். எந்த உயரத்தில் முகம் சுளிக்காமல் எழுகிறாரோ அதுவே அந்த வீட்டின் எண். அது மூடியோடு சேர்ந்த உயரம் என்பதை மறக்க வேண்டாம். கடையில் பீங்கானின் விளிம்பு வரைதான் உயரம் சொல்லியிருக்கக்கூடும். மூடி இன்னும் 2 சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்க்கும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. இடுப்பு முழங்காலைவிடத் தாழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அவர் சொல்லும் உயரமே இறுதி.

ஒரே கழிப்பறையை உயரமான தாத்தாவும் குட்டையான பாட்டியும் பயன்படுத்தினால் யாருடைய எண்ணை எடுப்பது? பாட்டியின் எண்ணை. தாழ்ந்த இருக்கையின் குறையைக் கைப்பிடியால் பெருமளவு ஈடுகட்டலாம், அல்லது தாத்தா உட்காரும்போது மட்டும் இருக்கைமேல் பொருத்தி எடுக்கும் உயர்த்தி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். உயர்ந்த இருக்கையில் தொங்கும் காலை ஈடுகட்டக் கால்பலகைதான் உண்டு. அந்தப் பலகையே எழும்போது காலைத் தட்டிவிடும்.

உயர்த்தும் வழிகள், செலவு ஏறும் வரிசையில்

முதல் வழி, எதையும் இடிக்காத வழி. இந்தியன் கோப்பைக்கு மேலே நிறுத்திக்கொள்ளும், நடுவில் துளையுள்ள ஸ்டீல் கமோட் ஸ்டூல்கள் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கின்றன. கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா, பக்கவாட்டில் கைப்பிடி உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். தூய்மை இந்தியா திட்டத்தின் 12,000 ரூபாய் உதவியில் கட்டிய சின்னக் கழிப்பறைகளுக்கு இதுவே அறிவான வழி என்பேன். அவற்றில் உள்ள கிராமப்புறக் கோப்பை நன்றாகச் சரிந்து, 20 மில்லிமீட்டர் நீரடைப்போடு செய்யப்பட்டது. ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே கழுவிப் போய்விடும். வெஸ்டர்ன் கோப்பையின் நீரடைப்பு 50 மில்லிமீட்டர்; ஒவ்வொரு முறையும் ஆறு லிட்டர் அளவுக்குக் கேட்கும். பாறை மண்ணில் தோண்டிய உறிஞ்சுகுழிக்கு அத்தனை தண்ணீரை நாள்தோறும் அனுப்பினால் குழி சீக்கிரம் நிரம்பித் திணறும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு உதவிக் கருவிகள் வழங்க மத்திய அரசு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கமோட் வைத்த நாற்காலியும் சேர்ந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வைப்பது நல்லது.

இரண்டாம் வழி, ஏற்கெனவே வெஸ்டர்ன் இருந்து அது தாழ்வாக இருந்தால். இருக்கைமேல் பொருத்தும் பிளாஸ்டிக் உயர்த்திகள் 2, 4, 6 அங்குலங்களில் உண்டு. திருகால் இறுக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். வெறுமனே மேலே வைப்பது, ஒரு பக்கம் சாய்ந்து உட்காருபவரைத் தள்ளிவிடும். மூன்றாம் வழி, கோப்பையைக் கழற்றி அதன் அடிக்குக் கான்கிரீட் பீடம் கட்டி மீண்டும் பொருத்துவது. இங்கேதான் கொத்தனாரோடு தெளிவாகப் பேச வேண்டும். பீடம் கோப்பையின் அடியளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். ‘மொத்தத் தரையையும் ஏத்திடலாம்’ என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தரை ஏறினால் காலும் சேர்ந்து ஏறும். இருக்கைக்கும் பாதத்துக்கும் உள்ள தூரம் மாறாது, கூடுதலாக ஒரு படி வந்து நிற்கும். பழைய இந்தியன் கழிப்பறைகளில் கோப்பை ஒரு மேடைமேல் இருப்பது வழக்கம். அதை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கும்போது மேடையை விட்டுவைப்பதும் இதே தவறுதான். இன்னொன்று, கோப்பை ஏறினால் கழிவு வெளியேறும் வாயும் ஏறும். வாய் தரையைப் பார்க்கும் எஸ்-டிராப் வகையானால் இணைப்புக் குழாயை நீட்ட வேண்டும். சுவரைப் பார்க்கும் பி-டிராப் வகையானால் சுவரிலுள்ள துளையை உயர்த்த வேண்டும். அந்த இணைப்பு சரியாக அடைபடாவிட்டால் கசிவும் நாற்றமும் நிரந்தரம்.

நான்காம் வழி, புதிதாக வாங்குவது. அளந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், எண் 42க்குள் இருக்கும் வீடுகளில் சாதாரணக் கோப்பையே போதும் என்று தெரிந்துவிடும். மிச்சப் பணத்தைக் கைப்பிடிக்கும் வழுக்காத டைல்ஸுக்கும் கொடுக்கலாம். சுவரில் தொங்கவிடும் கோப்பையை விரும்பிய உயரத்தில் பொருத்தலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் ஆளின் எடை முழுவதும் சுவரின் மேல் வரும்; ஹாலோ பிளாக் சுவர் உள்ள வீடுகளில் இரும்புச் சட்டம் இல்லாமல் அதைத் தொங்கவிடக் கூடாது.

கைப்பிடியும் கதவும்

கைப்பிடி என்று துண்டு காயப்போடும் கம்பியைக் காட்டும் வீடுகள் உண்டு. அந்தக் கம்பி துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. விழுகிற ஆளோடு சேர்ந்து பிய்ந்து வரும். கைப்பிடியின் குழாய் உள்ளங்கைக்குள் அடங்கும்படி 32 முதல் 40 மில்லிமீட்டர் தடிமனும், சுவரிலிருந்து 4, 5 சென்டிமீட்டர் இடைவெளியும் கொண்டிருக்கட்டும். இடைவெளி அதிகமானால் முழங்கை உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ளும். இருக்கைக்கு மேலே 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கச் சுவரில் படுக்கையாக ஒன்று, ஊன்றி எழ. சற்று முன்னால் செங்குத்தாக ஒன்று, எழுந்து நிலைகொள்ள. எந்தக் கை வலுவானதோ அந்தப் பக்கம் முதலில் பொருத்துங்கள். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்கும். ஹாலோ பிளாக்கில் அந்த இடத்தை உடைத்துக் கான்கிரீட் நிரப்பிய பிறகே போல்ட் போட வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கம் தகடு வைத்து இறுக்க வேண்டும். பொருத்தியதும் வீட்டிலேயே கனமான ஆள் தொங்கிப் பார்க்கட்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்தபடி கிடந்தால் உள்ளே திறக்கும் கதவு அவரையே மோதும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கழிப்பறை புழக்கடையில் இருந்தால், படுக்கையிலிருந்து அதுவரையுள்ள வழியில் விளக்கும் கைப்பிடிச் சுவரும் இல்லாதவரை உள்ளே செய்த செலவு பாதிப் பயன்தான் தரும்.

எழும் மறுப்புகள்

‘குத்தவைத்து உட்காருவதுதான் உடம்புக்கு நல்லது, அதை ஏன் விடவேண்டும்?’ இது வலுவான மறுப்பு. இதற்குச் சான்றும் இருக்கிறது. இஸ்ரேலில் 28 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வில், 41, 42 சென்டிமீட்டர் இருக்கையில் மலம் கழிக்கச் சராசரியாக 130 விநாடி ஆனது, 31, 32 சென்டிமீட்டர் இருக்கையில் 114, குத்தவைத்தபோது 51. குத்தவைக்கும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது, முக்கல் குறைகிறது. ஆகவே குந்த முடிகிறவர்கள் குந்தட்டும். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது அல்ல. ஆனால் குந்த முடியாதவரை ‘நல்லது’ என்று சொல்லிக் குந்த வைத்தால், அவர் அந்த வேதனைக்குப் பயந்து குறைவாகச் சாப்பிடுவார், தண்ணீரைக் குறைப்பார், போக வேண்டியதை அடக்குவார். மலச்சிக்கல் அப்போதுதான் முற்றும். மேலும் இந்த ஆய்வு என் வாதத்துக்கு எதிரானதும் அல்ல. தேவைக்குமேல் உயர்த்தாதே, முழங்கால் கேட்கும் அளவோடு நிறுத்து என்பதையே அதுவும் சொல்கிறது. உட்கார்ந்தபின் முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றினால் குந்தும் நிலையின் பலன் ஓரளவு கிடைக்கும். இடுப்பு அறுவை செய்தவர்கள் மட்டும் இப்படிக் குனிய வேண்டாம்.

‘பலர் உட்காரும் இருக்கையில் உடம்பு படுவதா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, குறிப்பாகப் பெரியவர்களே. இதற்காகத்தான் உட்காரவும் குந்தவும் இடம் வைத்த ஆங்கிலோ-இந்தியன் கோப்பைகளைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். மூட்டு வலிக்காரர் அதன்மேல் ஏறிக் குந்துவது, தரையில் குந்துவதைவிட அபாயமானது. உயரமும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. இருக்கையைத் துடைக்க ஒரு தனித் துணியும் சோப்புத் தண்ணீரும் வைப்பது எளிய தீர்வு. ‘தண்ணீர் எங்கே இருக்கிறது?’ என்பது கோடையில் நியாயமான கேள்வி. 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள ஃப்ளஷ் டேங்கை வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் அதன் வால்வு பொருக்கேறி ஒழுகத் தொடங்கும் என்பதால் டேங்கைத் திறந்து அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். ஒழுகும் வால்வு வீணாக்கும் தண்ணீர் ஃப்ளஷ் செய்யும் தண்ணீரைவிட அதிகமாகிவிடும். டேங்கே இல்லாமல் வாளியில் மொண்டு ஒரே வீச்சில் ஊற்றினாலும் கோப்பை கழுவும்.

‘இன்னும் எத்தனை வருஷத்துக்கு, இதுக்குப் போய் இவ்வளவு செலவா?’ என்பது பெரும்பாலும் பெரியவரே சொல்வது. அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகள் சும்மா இருந்துவிடக் கூடாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை, ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் படுக்கை, பக்கத்தில் இருக்க வேலையை விட்டுவந்த ஒரு ஆள் என்று வரும் செலவோடு ஒரு ஸ்டூலின் விலையையும் இரண்டு கைப்பிடிகளின் விலையையும் வைத்துப் பாருங்கள். மேலும் இந்த அத்தியாயம் எங்கும் விலை உயர்ந்த கோப்பையைக் கேட்கவில்லை. அளந்து பார்த்தால் பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை என்பதுதான் இதுவரை வந்த கணக்கு.

ஆகவே தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ் ஏறிக் கடைகளைச் சுற்றுவதற்கு முன், கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு டேப்பும் துண்டுக் காகிதமும் எடுங்கள். மூன்றே விஷயம் எழுதினால் போதும்: முழங்கால் மடிப்பின் உயரம், வலுவான கை எது, கழிவுக் குழாய் தரையில் இறங்குகிறதா, சுவரில் போகிறதா. ‘எது சார் நல்ல மாடல்?’ என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, அந்தக் காகிதத்தை நீட்டி ‘இந்த உயரத்துக்கு என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள்.